சாயம் கலையாத இடம்

ஒரு கருவி நன்றாக ஓடினால் அதற்குக் கோட் எழுதியவனுக்குக் கைதட்டுவார்கள். ஓடாமல் கெட்டால் அதைக் கையாண்டவளைப் பிடித்து உலுக்குவார்கள். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து அதைச் சோதித்தவள் என்று ஒருத்தி இருந்தாளே என்று இரண்டு வேளையிலும் எவருக்கும் நினைவு வருவதில்லை. இங்கே பேச்சு அவளைப் பற்றித்தான். பெயர் பியூலா கனகமணி. வயது முப்பத்தாறு. பிறந்த ஊர் நாசரேத்; வேலை கோயம்புத்தூரில், சிங்காநல்லூர்ப் பக்கம், நோயாளிகளுக்கு மருந்து செலுத்தும் சிரிஞ்ச் பம்பு தயாரிக்கிற ஒரு கம்பெனியின் முதல் மாடியில். ஒப்பந்த ஊழியர் என்பதால் அவள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் நாடாகூட மற்றவர்களுடையதைப் போல நீலமில்லை, சாம்பல் நிறம்.

மணி பத்தேகால். சோதனை மேசைமீது பம்பு ஓடத் தொடங்கியிருந்தது. ஊசியில்லாத சிரிஞ்ச், உள்ளே வெறும் தண்ணீர், அதன் பின்பிடியை மயிரிழை மயிரிழையாகத் தள்ளிக்கொண்டு போகும் ஓர் உலோகக் கை. இது நாற்பது நிமிடம் ஓடவேண்டும். பதினொரு மணிக்கு அவள் ஒரு தாளில் கையெழுத்துப் போடவேண்டும். தாளில் நாலே வரி. சென்ற மாதம் பதினேழாம் தேதி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்த பெரியவர் ஒருவருக்கு இந்த ரகப் பம்பு மணிக்கு ஐந்து மில்லி வீதம் மருந்து கொடுத்திருக்கவேண்டும்; அதற்குப் பதில் முழு வேகத்தில் தள்ளிவிட்டது. ரத்த அழுத்தம் சரிந்து அந்த மனிதர் செத்துப் பிழைத்தார். பம்பின் மென்பொருளில் குறை ஏதுமில்லை, பணியிலிருந்த செவிலியர் தவறான எண்ணை அழுத்தியிருக்கிறார் என்பதே தாளின் சாரம். செவிலியரின் பெயர் சகாயராணி. ‘நான் அஞ்சுதான் போட்டேன், ஸ்க்ரீன்லயும் அஞ்சுதான் இருந்துச்சு’ என்று அவள் விசாரணையில் ஒரே வாக்கியத்தை ஏழு முறை சொல்லியிருக்கிறாள் என்று ஆஸ்பத்திரி எழுதியிருந்தது, ஏழு முறை சொன்னதே குற்றம் என்பதைப்போல. பியூலா கையெழுத்துப் போட்டால் சகாயராணிக்கு வேலை போகும். போடாவிட்டால், மாதக் கடைசியில் முடியும் பியூலாவின் ஒப்பந்தம் நீளாது. மகள் ஷாரன் ஐந்தாம் வகுப்பின் நடுவில் பள்ளியை விட்டுத் தூத்துக்குடிக்கு, துறைமுகத்தில் வேலை பார்க்கிற அவள் அப்பாவிடம் போகவேண்டியிருக்கும். இதையெல்லாம் அவளிடம் யாரும் சொல்லவில்லை. மேலாளர் குழந்தைவேலின் மேசைமீது நீட்டிப்புக் கடிதம் அச்சடித்துத் தயாராக, எழுத்து அவள் பக்கம் பார்த்தபடி கிடந்தது. அந்த மனிதர் எதையும் தற்செயலாக ஒரு பக்கம் பார்த்து வைக்கிறவர் அல்லர்.

ஆனால் பியூலா சகாயராணியைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கவில்லை. மௌலியைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள். பம்பின் கோட் முழுவதும் சந்திரமௌலி எழுதியது. இரண்டரை வருடமாகக் காலை வணக்கம் சொல்லாதவன் நேற்று டப்பாவைத் திறந்து மைசூர்பாகு நீட்டினான். ‘எடுத்துக்கோங்க மேடம், வீட்ல பண்ணது.’ வீட்டில் பண்ணியதை எதற்கு எனக்கு நீட்டுகிறாய், யார் உன்னைக் கேட்டது. திங்கட்கிழமை அவள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது அவன் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், அவளுடைய கம்ப்யூட்டருக்கு நேர் எதிரே, அவளைக் கண்டதும் துள்ளி எழுந்தான். நாற்காலியின் உயரம் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. இரண்டு விரற்கடை இறக்கிக்கொள்ளுமளவு உட்கார்ந்தான் என்றால் ஒரு நிமிடத்து வேலை இல்லை. கோட்டில் கை வைத்திருக்கிறான். அவள் சோதித்து முடித்த பிறகு எதையோ மாற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறான், மாட்டிக்கொள்வோம் என்று பயந்து இப்போது அவளுடைய கம்ப்யூட்டரில் தடயத்தைத் துடைத்திருக்கிறான். நேற்று முழுக்க அவள் இதைத்தான் தேடினாள். ஆஸ்பத்திரியில் இருந்த பம்பின் மென்பொருளையும் தான் சோதித்ததையும் பக்கத்தில் வைத்துக் கூட்டுத்தொகை பார்த்தாள்; ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கூட்டுத்தொகை மாறிவிடும். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. வேறு யாராவது அந்த இடத்தில் மௌலியை விட்டிருப்பார்கள். அவள் விடவில்லை. கூட்டுத்தொகையையும் பொருத்தி வைத்திருக்கிறான், அவ்வளவு கெட்டிக்காரன் என்று நினைத்தாள். நினைத்த அடுத்த நொடியே அது நடக்காத காரியம் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் நினைப்பு நகரவில்லை. ஆணியில் மாட்டிய புடவைத் தலைப்பைப்போல, இழுத்தால் கிழியும், விட்டால் அங்கேயே தொங்கும். சந்தேகப்படுவதற்குத்தானே என்னை வைத்திருக்கிறார்கள் என்று தனக்கே பதில் சொல்லிக்கொண்டாள். அவள் நாத்தனார் ஒருமுறை, கல்யாண வீட்டில், எல்லார் முன்னாலும் சொன்னாள், ‘இவளுக்குப் பந்தியில இலை போட்டா இலைக்குக் கீழ தூக்கிப் பாப்பா.’ சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இலைக்குக் கீழே உண்மையிலேயே எறும்பு இருந்தது என்பதை அன்றைக்கு யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

“ஏனம்மிணி, அந்த மெசினையே மொறச்சுப் பாத்துட்டிருந்தா அது பயந்துக்கிட்டு ஓடிருமா?” என்றபடி டீயோடு வந்தாள் பழனாத்தா. மாடியைக் கூட்டித் துடைத்து, டீ கொடுத்து, யார் யாரோடு பேசவில்லை என்பதையும் சேர்த்துச் சுமக்கிறவள்.

“ஓடத்தான் வச்சிருக்கேன்க்கா.”

“ஓடட்டும், ஓடட்டும். இந்த மாடியில இன்னிக்கு எல்லாருக்கும் ஏதோ ஆயிப்போச்சுங். மேனேசரு ஆறு மணிக்கே வந்து ரூமுக்குள்ள நடந்துட்டே இருக்காரு. மௌலித் தம்பி எப்பவும் ஒரு டீ. இன்னிக்கு ரெண்டு குடிச்சுப்போட்டு மூணாவது இருக்குதான்னு கேக்குது.”

மூன்று டீ. பியூலா தம்ளரை வாங்கி மேசையில் வைத்தாள், பம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி. மனசாட்சி உறுத்துகிறவன் மூன்று டீ குடிப்பான். உறுத்தாதவனும் தூக்கம் வந்தால் குடிப்பான். ஆனால் அவன் தூங்கவில்லையென்றால் ஏன் தூங்கவில்லை. பழனாத்தா போய்விட்டாள். மேலே சுருளாக எழும்பிய ஆவியைப் பார்த்துக்கொண்டே அவள் வேறெங்கோ போனாள், மென்பொருளில் கை வைக்காமலே கெடுக்க வழி உண்டா என்று. இந்தப் பம்பின் உள்ளே நகத்தளவு சில்லு. சில்லுக்குள் பதினாறு சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் எண் தங்கும், ரெஜிஸ்டர் என்பார்கள். பூஜ்யத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் பதின்மூன்றாவதற்கு ஒரே வேலை. ஸ்டாக் எதுவரை நிரம்பியிருக்கிறது என்ற முகவரியைப் பிடித்துக்கொண்டிருப்பது. வேலையில் சேர்ந்த புதிதில் மௌலி அதைச் சொல்லிக் கேலி செய்தான், ‘பதிமூணு உங்க ஆளுங்களுக்கு ராசியில்லாத நம்பராச்சே மேடம், இதைத் தொடமாட்டீங்களே.’ ‘உங்க ஆளுங்களுக்கு ராகு காலத்துல கம்பைல் ஆகுமா?’ என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் காலை வணக்கம் நின்றது என்று இப்போது தோன்றியது. ஸ்டாக் என்பது நினைவகத்தில் ஒதுக்கிவைத்த ஒரு துண்டு இடம். ஒரு வேலையின் நடுவில் இன்னொரு வேலை குறுக்கிட்டால், சில்லு தன் கையிலிருக்கும் எண்களை எல்லாம் அந்த இடத்தில் இறக்கிவைக்கும், எங்கே விட்டோம் என்ற முகவரியையும் இறக்கிவைக்கும், புது வேலையை முடித்துவிட்டு வந்து கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும். வைக்க வைக்கப் பதின்மூன்றாம் ரெஜிஸ்டரில் இருக்கும் எண் குறையும், எடுக்க எடுக்க ஏறும், ஏனென்றால் இந்த இடம் மேலிருந்து கீழ்நோக்கி நிரம்புகிறது. நானும் அப்படித்தானே இருக்கிறேன், சகாயராணியை வைத்துவிட்டு மௌலிக்கு வந்தேன், மௌலியை வைத்துவிட்டு டீக்கு, டீயை வைத்துவிட்டு இதற்கு. இனி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு திரும்பினால் சகாயராணியில் போய் நிற்கவேண்டும். அவள் திரும்பவில்லை. அங்கே போக அவளுக்குப் பயமாக இருந்தது.

அந்த ரெஜிஸ்டரிடம் அவளுக்கு முதலிலிருந்தே பிடிக்காத ஒரு குணம், அது எதையும் கேட்காது. கீழே இடமிருக்கிறதா, எல்லை தாண்டிவிட்டோமா, அடுத்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள், ஒன்றும் கேட்காது. கழிக்கச் சொன்னால் கழித்துக்கொண்டு இறங்கிவிடும். புதிய சில்லுகளில் இந்த எல்லையைக் காவல் காக்கவென்றே தனியாக ஒரு ரெஜிஸ்டர் உண்டு. கம்பெனி வாங்கியது பழைய ரகம். இந்தப் பம்பில் ஸ்டாக்குக்குக் கொடுத்த இடம் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு பைட். அதற்கு நேர் கீழே, சுவரை ஒட்டி, மோட்டாரின் வேகத்தைச் சொல்லும் எண் குடியிருந்தது. ஸ்டாக் எல்லை தாண்டினால் முதலில் அந்த எண்ணின் மேல்தான் ஏறி மிதிக்கும். திரையில் காட்டும் எண் வேறிடத்தில் இருக்கும் நகல், அது ஐந்தாகவே நிற்கும். சகாயராணி சொன்னது அதுதான். அதனால்தான் பியூலா முதல் நாளே ஸ்டாக்கைச் சந்தேகப்பட்டாள். அதனால்தான் மௌலி யாருக்கும் தெரியாமல் ஸ்டாக்கின் இடத்தைக் குறைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினாள். ஏனென்றால் அவள் சோதித்தபோது தாராளமாக இடமிருந்தது. சோதிக்கும் முறை எளிது. ஓடவிடும் முன்னால் ஸ்டாக்கின் இடம் முழுவதையும் ஒரே எண்ணால் நிரப்பிவிடுவார்கள், சுவருக்குச் சாயம் அடிப்பதுபோல. ஓடி முடிந்ததும் எதுவரை சாயம் கலைந்திருக்கிறது என்று பார்த்தால், ஸ்டாக் எவ்வளவு ஆழம் இறங்கியது என்று தெரிந்துவிடும். அதை எண்ணுவதற்கு அவள் ஒரு சின்ன நிரல், ஸ்கிரிப்ட் என்பார்கள், எழுதி வைத்திருந்தாள். ஆயிரத்து நூற்று எண்பது பைட் என்றது ஸ்கிரிப்ட். பாதியை விடக் கொஞ்சம் கூட. நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டாள். அந்த எண்ணை அவள் மூன்று மாதமாக வாய்க்குள் ஜெபம்போல வைத்திருந்தாள்.

கதவு திறந்தது. மௌலி. கையில் அந்த மூன்றாவது டீ.

“எவ்ளோ நேரம் ஆகும் மேடம்?”

“பத்து அம்பத்தஞ்சுக்கு முடியும். ஏன், அவசரமா?”

“எனக்கென்ன அவசரம். சார்தான் வாசல்ல நிக்கறார்.”

“மௌலி, திங்கட்கிழமை என் சேர்ல எதுக்கு உக்காந்திருந்தீங்க?”

அவன் டீயை ஊதினான். ஊதுகிறவன் யோசிக்கிறான். “அதுவா? என் சீட்டுக்கு மேல ஏசி சொட்டுது மேடம். சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. பழனாத்தாக்கா கிட்ட கேட்டுப் பாருங்க, வாளி வெச்சிருக்காங்க.”

“வாளி வச்சா என் சேர் ஏன் எறங்குது?”

“நீங்க வெச்சிருக்க ஒசரத்துல கால் தொங்குது மேடம், ஸ்டூல்ல ஏத்தின கொழந்த மாதிரி.” சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்றான். போகவில்லை. ஏன் போகவில்லை?

நாற்பதாவது நிமிடத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் திட்டப்படி சிரிஞ்ச் காலியாகப்போகிறது என்று ஓர் அலாரம் கத்தியது. திட்டப்படி அவள் மின்சார வயரை உருவினாள். பேட்டரி குறைவு என்று இன்னொன்று சேர்ந்துகொண்டது. இரண்டையும் கத்தவிட்டுவிட்டு, பொத்தான் எதையும் தொடாமல், ஐந்து நிமிடம் கழித்து நிறுத்தினாள். அலாரங்கள் ஓய்ந்தன. ஸ்கிரிப்டை ஓட்டினாள். ஆயிரத்து நூற்று எண்பது. மூன்று மாதத்துக்கு முந்தைய அதே எண், ஒரு பைட் ஏறவில்லை, இறங்கவில்லை. அப்படியானால் சகாயராணிதான் தவறாக அழுத்தியிருக்கிறாள். அப்படியானால் மௌலி உத்தமன். அப்படியானால் தாள் சரி. பேனாவை எடுத்தாள், மூடியைக் கழற்றினாள், ஷாரனுக்கு அடுத்த வாரம் நாடகம், தேவதை வேஷத்துக்கு வெள்ளைத் துணி வாங்கவேண்டும், பேனா தாளைத் தொடவில்லை. இவ்வளவு பொருந்தினால் யாரோ பொருத்தியிருக்கிறார்கள். திங்கட்கிழமை அவன் தொட்டது கோட்டை அல்ல, ஸ்கிரிப்டை! எப்போது எண்ணினாலும் ஆயிரத்து நூற்று எண்பது என்று சொல்லும்படி மாற்றிவிட்டான். திறந்தாள். கடைசியாகத் திருத்திய தேதி மூன்று வருடத்துக்கு முந்தையது, அவள் சேர்ந்த மாதம். முதல் வரியில் அவளே எழுதிய குறிப்பு, ‘இதைத் தொடுகிறவன் கை வெந்துபோகும்.’ வேறு யாரும் தொடவில்லை. வரி வரியாகப் படித்தாள். மேலிருந்து தொடங்கு. சாயம் கலைந்திருந்தால் ஒரு படி கீழே இறங்கு. சாயம் கலையாத முதல் இடத்தில் நில். அதுவரை எண்ணியதைச் சொல். எல்லாம் அவள் கையெழுத்துப்போலவே தெளிவாக இருந்தது. படித்து முடித்துவிட்டு மறுபடி படித்தாள். சாயம் கலையாத முதல் இடத்தில் நில். கண் அங்கேயே நின்றது. ஏன் என்று தெரியவில்லை. முகப்பவுடர் வாசம் வந்தது.

பாளையங்கோட்டை விடுதி, ஒன்பதாம் வகுப்பு, நீளமான கூடம், சுவரோரம் டிரங்குப் பெட்டிகள். அவள் பெட்டியிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய மஸ்கோத் அல்வா தினமும் ஒரு துண்டு குறைந்தது. ஒருநாள் விளக்கை அணைக்கும் முன்னால் பெட்டிக்கு எதிரே தரையில் இரண்டு முழ அகலத்துக்கு முகப்பவுடரைத் தூவி வைத்தாள், துப்பறிகிற மிதப்போடு. காலையில் அல்வா குறைந்திருந்தது, பவுடரில் ஒரு விரல் தடம் இல்லை. வெளியிலிருந்து எவரும் வரவில்லை, வந்திருந்தால் பவுடர் கலைந்திருக்கும்; ஆகவே பவுடருக்கு உள்பக்கம் கட்டில் போட்டிருந்த தங்கபுஷ்பம்தான் என்று வார்டனிடம் நின்று, கணக்குத் தேற்றத்தை நிறுவுவதுபோல நிறுவினாள். வார்டன் பாராட்டினாள். தங்கபுஷ்பம், ‘நான் இல்லை பியூலா’ என்றாள், எத்தனை முறை, அரையாண்டுக்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பிறகும் அல்வா குறைந்தது. பன்னிரண்டாம் வகுப்பு அக்கா ஒருத்தி, ஒட்டடைக்கம்பு உயரம், பவுடரைப் பார்த்துவிட்டு அதை மிதிக்காமல் ஒரே எட்டாக எட்டி வைத்திருக்கிறாள். விடைபெறும் நாளில் அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். பவுடர் கலையாதது யாரும் வரவில்லை என்பதற்கு அத்தாட்சி இல்லை. தாண்டிப் போகமுடியும். தாண்டி. சாயத்தின் மேல் கால் வைக்காமலே.

பியூலா ஸ்கிரிப்டை மூடிவிட்டு நினைவகத்தையே நேராகத் திரையில் விரித்தாள். மூன்று வருடமாக அப்படி விரித்ததில்லை. எண்ணிச் சொல்ல ஆள் இருக்கும்போது யார் சுவரைத் தடவிப் பார்ப்பார்கள். மேலிருந்து ஆயிரத்து நூற்று எண்பது வரை சாயம் கலைந்திருந்தது. பிறகு கலையாத சாயம், வரி வரியாக, வழுவழுவென்று, நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு பைட். ஸ்கிரிப்ட் இந்த ஓரத்தில்தான் நின்றுவிட்டுத் திரும்பியிருந்தது. அதற்கும் கீழே மறுபடி கலைந்திருந்தது. முகவரிகள், எண்கள், இறக்கிவைத்த மூட்டைகள். கோட்டில், அலாரத்தின் வாசகத்தைத் தயாரிக்கிற இடத்தில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட் ஒதுக்கச் சொல்லி எழுதியிருந்தது. பதின்மூன்றாம் ரெஜிஸ்டர் அத்தனையையும் ஒரே எட்டில் கழித்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. எழுதியதோ அடிக்கோடியில் இருபது பைட் வாசகம். மிச்சம் முழுதும் தொடாமல் கிடந்தது. அந்தத் தாண்டலுக்குக் கீழே வேலைக்குள் வேலையாக எல்லாம் நடந்திருக்கிறது. இரண்டாயிரத்து முப்பத்தாறு வரை. எல்லைக்குப் பன்னிரண்டு பைட் பாக்கி. இரண்டு அலாரத்தோடு, ஸ்டாக் அந்த ஆழத்தில் இருக்கும் கணத்தில் யாராவது ஒரு பொத்தானை அழுத்தினால், அந்தக் குறுக்கீட்டுக்கு மட்டும் எட்டு ரெஜிஸ்டர்களை இறக்கிவைக்கவேண்டும், முப்பத்திரண்டு பைட். இடமில்லை. சோதனையில் அவள் ஒருநாளும் அலாரம் கத்தும்போது பொத்தானைத் தொட்டதில்லை. திட்டத்தில் அது இல்லை. திட்டமும் அவள் எழுதியது.

மௌலி கம்ப்யூட்டரின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை நேரமாக? குழந்தைவேல் உள்ளே வந்திருந்தார். “ஏனுங் பியூலா, ஆச்சுங்களா? ஆஸ்பத்திரியில இருந்து ரெண்டு தடவ கூப்பிட்டுட்டாங்க.”

“ஒரு நிமிஷம் சார்.” பம்பை மறுபடி ஓடவிட்டாள். ஐந்து மில்லி. சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. ஓர் அலாரம் கத்தியது, மற்றதும் கத்தியது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் வாந்தியெடுக்க, எதிர்க் கட்டிலின் சொந்தக்காரர் கத்த, தலைக்கு மேல் இரண்டு அலாரம் ஒன்றாக அலறினால் ஒரு செவிலியர் என்ன செய்வாள்? மௌனப் பொத்தானை, திட்டப்படி ஒருமுறை, நிதானமாகவா அழுத்துவாள்? பியூலா கட்டைவிரலால் குத்தினாள். குத்திக்கொண்டே இருந்தாள், கதவு தட்டுகிற மாதிரி. பத்து முறைக்கு மேல் இருக்கும். மோட்டார் திடீரென்று கீச்சிட்டது. மிச்சமிருந்த தண்ணீர் முழுதும் குழாய் வழியே பீச்சி அடித்து டீத் தம்ளரை நனைத்தது. பம்பின் திரையில் ஐந்து. அப்போதும் ஐந்து.

குழந்தைவேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “நான் ஒண்ணும் பாக்கலீங்க” என்றார்.

“பார்த்தீங்க சார்.”

“அந்த ஸ்கிரிப்ட் எவ்வளவு காட்டுதுங்க?”

“ஆயிரத்து நூத்தி எண்பது.”

“அப்ப பாஸுங்களே.”

“ஸ்கிரிப்ட் பாஸ். பம்பு ஃபெயில். ஸ்கிரிப்ட் எழுதுனது நான். மூணு வருஷமா தப்பாத்தான் எண்ணியிருக்கேன்.”

“பாருங், நீங்களும் மாட்டிக்கறீங்க, எங்களையும் மாட்டி விடறீங்க. அடுத்த வெர்சன்ல சத்தமில்லாம சரி பண்ணிப்போட்டுடலாம். அந்த நர்சம்மாவுக்கு நானே வேற ஆஸ்பத்திரில சொல்லி வுடறன். என் வார்த்தைங்க. போதாதுங்களா?”

“இந்த ரூம்ல நடந்ததையே பாக்கலன்னு சொன்னது யாரு வார்த்தை சார்?”

மௌலி தொண்டையைச் செருமினான். “சார், அந்த ஐநூத்திப் பன்னெண்டு நான் போட்டது. அவ்ளோ தேவையில்ல. இருக்கட்டும்னு போட்டேன்.” பியூலா அவனைத் திரும்பிப் பார்த்தாள். குற்றத்தில் பங்கு எடுத்துக்கொள்கிறவனின் முகமா, பெருமையில் பங்கு கேட்கிறவனின் முகமா? இவனுக்கு முன்னாலேயே தெரியுமா? தெரிந்துதான் மைசூர்பாகா? அப்போதும் அவளுக்குச் சந்தேகம்தான். சந்தேகம் போகவில்லை, ஆனால் இப்போது அதற்கு வேலையில்லை. தாளை இழுத்து நாலு வரியையும் அடித்தாள். கீழே எழுதினாள்: குறை பம்பில். அதைக் கண்டுபிடித்திருக்கவேண்டிய சோதனையிலும் குறை, அதைச் செய்தவள் நான். செவிலியர் சகாயராணி போட்டது ஐந்து என்பதை நம்பாமலிருக்க எந்தக் காரணமும் இல்லை. இந்த ரகப் பம்பு எதையும் இன்றிலிருந்து நோயாளிக்கு மாட்டவேண்டாம். பெயர் எழுதிக் கையெழுத்திட்டாள். குழந்தைவேல் கையை நீட்டினார். அவள் தாளை அவர் கையில் கொடுக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே ஸ்கேனரில் வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். பதினொன்று பதினான்கு என்றது கடிகாரம்.

பம்புகள் அந்த வாரமே திரும்பப் பெறப்பட்டன. சகாயராணி மீதான விசாரணையைக் கைவிட்டார்கள், வருத்தம் தெரிவித்து எவரும் அவளுக்கு எழுதவில்லை. அந்த மாதக் கடைசியில் பியூலாவின் ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிப்புக் கடிதம் வரவில்லை. மௌலிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஷாரன் தூத்துக்குடிப் பள்ளிக்குப் போனாள், நாடகத்துக்கு முன்பே. ஏழு மாதம் பியூலா வேலையில்லாமல் இருந்தாள். ஏன் விலகினீர்கள் என்று கேட்ட இரண்டு இடங்களில் நடந்ததை நடந்தபடி சொன்னாள், இரண்டிலும் எடுக்கவில்லை. மூன்றாவது இடத்திலும் அதையே சொன்னாள். அது ஓசூரில் லிஃப்ட் கதவுகளுக்குப் போர்டு செய்யும் கம்பெனி. முன்பிருந்ததைவிட ஒரு படி கீழான பதவியில் எடுத்துக்கொண்டார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.